சரண்டர் என்றால் எதைக் கொடுப்பது?

வடக்கே பிள்ளைகளை சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்க வைக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் இந்த ஃப்ரேசல் வெர்ப் தொல்லை தெரிந்திருக்கும். 'கிவ்' என்று ஒரு சின்ன வார்த்தை. பின்னால் அப் போட்டால் ஒரு அர்த்தம், இன் போட்டால் இன்னொன்று, அவே போட்டால் வேறொன்று. சிகரெட்டை விட்டால் கிவ் அப். பிள்ளையின் பிடிவாதத்துக்கு அப்பா இறங்கி வந்தால் கிவ் இன். தேடப்படும் ஆள் தானாகப் போய் போலீஸில் நின்றால் கிவ் ஒன்செல்ஃப் அப். கைடு புத்தகம் மூன்றுக்கும் எதிரில் 'சரண்டர்' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும்.

எனக்கு அது போதவில்லை. நான் பி.காம். படித்தவன், மொழி ஆராய்ச்சி நமக்குத் தொழில் இல்லை. ஆனால் இந்த வார்த்தையோடு தினமும் புழங்குகிறவன். எல்.ஐ.சி. பாலிசிக்கு சரண்டர் வேல்யூ உண்டு. லாக்கர் வேண்டாம் என்றால் சாவியை சரண்டர் செய்ய வேண்டும். ஊரில் அரசு உத்தியோகத்தில் இருக்கும் என் உறவினர்கள் வருடா வருடம் லீவை சரண்டர் செய்து பணம் வாங்குவார்கள். இவர்களில் யாரும் யாரிடமும் தோற்கவில்லை. கையில் இருக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். போர்க்களத்தில் நடக்கும் சரண்டரும் இப்படித்தானா?

நம் நாட்டு வரலாற்றில் நான்கே மாத இடைவெளியில் இரண்டு பெரிய சரண்டர்கள் நடந்தன. ஒன்று 1971 டிசம்பர் 16, டாக்கா. மற்றது 1972 ஏப்ரல் 14, சம்பல் பள்ளத்தாக்கு. ஆங்கிலப் பத்திரிகை இரண்டுக்கும் 'சரண்டர்' என்றுதான் போட்டது. ஹிந்தியிலும் இரண்டுமே ஆத்மசமர்ப்பண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் புரிகின்றன. அதற்கு முன் வார்த்தைகளைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

வார்த்தைக்குள் இருக்கும் கணக்கு

'சரண்டர்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கொடுத்துவிடுவது, ஒப்படைத்துவிடுவது என்பதுதான் அடிப்படை அர்த்தம். நம் 'சரண்' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அதற்கு அர்த்தம் புகலிடம். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'கோர்ட்டில் சரண்' என்று நம் ஊர் தினசரிகள் போடும்போது இரண்டும் தலைப்பில் கலந்துவிடுகின்றன. ஆங்கில வார்த்தை என்ன கொடுத்தாய் என்று கேட்கிறது. நம் வார்த்தை எங்கே போய்ச் சேர்ந்தாய் என்று கேட்கிறது.

'கேபிடுலேட்' இன்னும் சுவாரசியமானது. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு சின்னத் தலைப்பு, அத்தியாயம் என்று பொருள். ஷரத்துகளைத் தலைப்பு வாரியாக எழுதி ஒப்பந்தம் போடுவதுதான் முதலில் கேபிடுலேட். பணிந்துபோவது என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதாவது அந்தக் காலத்தில் கோட்டைக் கதவைத் திறக்கும் முன் பேப்பரில் கண்டிஷன் எழுதி வாங்கியிருக்கிறார்கள். நம் லோன் அக்ரிமென்ட் மாதிரி.

'யீல்டு' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பணம் கட்டுவது என்று பொருள். எதிரிக்கு யீல்டு ஆவதும், பாண்டு கொடுக்கும் யீல்டும் ஒரே வேரில் வந்தவை. இதைத் தெரிந்துகொண்ட அன்று ட்ரெஷரியில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை!

ஹிந்தி ஆத்மசமர்ப்பணுக்கு வருவோம். தமிழில் சமர்ப்பணம் என்றால் புத்தகத்தின் முதல் பக்கம்தான் ஞாபகம் வரும். 'என் தாய் தந்தையருக்கு' என்று எழுதுவோமே, அது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும் என்று அரசு அலுவலகத்தில் எழுதியிருக்கும். ஆங்கில 'சப்மிட்' கூட அப்படித்தான், படிவத்தைக் கொடுப்பதற்கும் அடங்கிப் போவதற்கும் ஒரே சொல். ஹிந்தியில் சமர்ப்பண் என்றால் காணிக்கை. ஆத்மசமர்ப்பண் என்றால் தன்னையே காணிக்கையாக வைப்பது. தோற்றவன் ஆயுதத்தைக் கீழே போடுவதைச் சொல்ல ஹிந்தியில் 'ஹத்தியார் டால்னா', மண்டியிடுவதைச் சொல்ல 'குட்னே டேக்னா' என்று தனித்தனி வழக்குகள் இருக்கின்றன. டாக்காவுக்குப் பொருந்துவது அதுதான். சம்பலுக்கு அது பொருந்தாது.

டாக்கா: ரிவால்வர் யார் கைக்குப் போனது

போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 13 நாளில் முடிந்தது. 16-ஆம் தேதி காலை இந்திய ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத்திலிருந்து மேஜர் ஜெனரல் ஜேக்கப் சரண் ஆவணத்தின் வரைவை எடுத்துக்கொண்டு டாக்காவுக்குப் போனார். பாகிஸ்தான் தளபதி நியாஸி, சண்டை நிறுத்தம் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தார். சரண்டர் என்ற சொல்லை ஏற்க அவர் தயங்கியதையும், தான் அரை மணி நேரம் அவகாசம் கொடுத்து வெளியே காத்திருந்ததையும் ஜேக்கப் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார். இந்திய, வங்கதேசக் கூட்டுப்படையிடம் சரணடைகிறோம் என்ற வாசகத்துக்கும் பாகிஸ்தான் தரப்பில் ஆட்சேபம் இருந்தது. கவனியுங்கள், யுத்தம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பேரம் முழுக்க வார்த்தையின் மேல்தான். என்ன பெயரில் கொடுக்கிறோம், யாரிடம் கொடுக்கிறோம் என்ற இரண்டே கேள்விகள்.

சாயங்காலம் ரம்னா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு சின்ன மேஜை போட்டு லெப்டினன்ட் ஜெனரல் அரோராவும் நியாஸியும் கையெழுத்திட்டார்கள். அந்தப் போட்டோவைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நியாஸி தன் ரிவால்வரை எடுத்து அரோராவிடம் கொடுத்தார். ராணுவத்தினரும் சிவிலியன்களுமாக சுமார் 93,000 பேர் இந்தியாவின் பிடிக்குள் வந்தார்கள்.

நிபந்தனை எதுவும் இல்லாத சரண் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அந்த ஆவணத்தில் ஷரத்துகள் இருந்தன. சரணடைந்தவர்களை ஜெனிவா ஒப்பந்தப்படி மரியாதையோடு நடத்துவோம் என்ற உறுதி அதில் முக்கியமானது. அந்த வாக்கு எழுத்தில் இருந்ததால்தான் பின்னால் அதைக் காப்பாற்றும் கடமையும் இருந்தது. 1973 ஆகஸ்டில் தில்லியில் ஒப்பந்தம் ஆகி, 1974 ஏப்ரல் வாக்கில் கைதிகள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

சம்பல்: துப்பாக்கி யார் காலடிக்குப் போனது

குவாலியர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வயதானவர்கள் பேச்சில் டாகு என்ற சொல் அவ்வளவாக வராது. 'பாகி' என்பார்கள். பாகி என்றால் கலகக்காரன். டாகு என்பது போலீஸ் சொல், பாகி என்பது ஊர்ச் சொல். நிலத் தகராறு, ஜாதிப் பகை, பழிக்குப் பழி என்று ஏதாவது ஒன்றில் ஒரு கொலை நடக்கும். கொன்றவன் 'பீஹட்' எனப்படும் அந்த மண் பள்ளங்களுக்குள் இறங்கிவிடுவான். பிறகு வயிற்றுக்கு ஆள்கடத்தலும் கொள்ளையும். பிண்ட், மொரேனா, தோல்பூர், எட்டாவா, ஆக்ரா என்று மூன்று மாநில எல்லைகள் அந்தப் பள்ளங்களில் கலப்பதால் ஒரு போலீஸ் துரத்தினால் இன்னொரு மாநிலத்துக்குள் போய்விடலாம்.

இவர்களில் பேர் பெற்ற மான் சிங் 1955-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மகன் தஹசில்தார் சிங் நைனி ஜெயிலில் தூக்குத் தண்டனைக் கைதி. பூதான இயக்கத்துக்காக நடந்துகொண்டிருந்த வினோபா பாவேக்கு அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார், எங்கள் பக்கம் வாருங்கள் என்று. 1960 மே மாதம் வினோபா சம்பல் பகுதியில் நடந்தார். ஆயுதமில்லாத ஒரு கிழவர் வெயிலில் நடந்து வருகிறார் என்று கேள்விப்பட்டு லுக்கா என்கிற லோக்மன் உட்பட 20 பேர் துப்பாக்கியோடு வந்து அவர் முன் வைத்தார்கள்.

எல்லோரும் கை தட்டவில்லை. அப்போது மத்தியப் பிரதேச போலீஸ் தலைவராக இருந்த ருஸ்தம்ஜி வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். கொலைகாரர்களுக்கு மாலை மரியாதை செய்வது போலீஸ்காரன் மனதை உடைக்கும் என்ற அந்தக் கவலையை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. பள்ளங்களில் செத்த கான்ஸ்டபிள்களுக்கும் குடும்பம் இருந்தது.

பதினோரு வருஷம் கழித்து, 1971-ல், பாட்னாவில் ஜெயப்பிரகாஷ் நாராயணைப் பார்க்க ராம் சிங் என்ற பெயரில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். சம்பல் பாகிகள் சரணடையத் தயார், நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்றார். ஜே.பி. உடம்பு சரியில்லை, வினோபாவைப் பாருங்கள் என்று தட்டிக் கழித்தார். வந்தவர் வினோபாவைத்தான் முதலில் பார்த்திருந்தார், அவர்தான் இங்கே அனுப்பியிருந்தார். கடைசியில் அந்த ஆள், நான்தான் மாதோ சிங் என்று சொல்லிவிட்டார். போலீஸ் தலைக்கு ஒன்றரை லட்ச ரூபாய் விலை வைத்திருந்த ஆள்! 1971-ல் அந்தத் தொகைக்கு என்ன மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வினோபா யாருக்கும் எந்த உத்தரவாதமும் தரவில்லை. வந்தவர்கள் தங்கள் மனசாட்சிப்படி வந்தார்கள், சட்டம் அதன் வழியில் போனது. ஜே.பி. வேறு விதமாகப் போனார். மத்திய அரசிடமும் சம்பந்தப்பட்ட மாநில அரசுகளிடமும் முதலில் பேசினார். யாரையும் தூக்கில் போடக்கூடாது, போலீஸ் அடித்துத் துன்புறுத்தக் கூடாது, ஜெயிலுக்குப் போகிறவர்களின் குடும்பங்களுக்கு வழி செய்ய வேண்டும் என்று பேசி வைத்தார். பழைய லத்தீன் அர்த்தத்தில் சொன்னால் இதுதான் அசல் கேபிடுலேஷன், தலைப்பு வாரியாக. தூது போனவர்களில் தஹசில்தார் சிங்கும் லோக்மனும் இருந்தார்கள். 1960-ல் வந்தவர்கள் 1972-ல் மற்றவர்களைக் கூட்டிவந்தார்கள்.

மொரேனா மாவட்டம் ஜௌராவில் எஸ்.என்.சுப்பாராவ் நடத்திய காந்தி ஆசிரமம் இதற்கு மையமாக இருந்தது. பெங்களூரில் பிறந்தவர். பெயரில் உள்ள 'எஸ்' சேலம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2021-ல் காலமானார். பக்கத்தில் பகாரா அணைப் பகுதியை அமைதி வட்டாரமாக அறிவித்து, போலீஸ் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஏப்ரல் 14 அன்று மேடையில் காந்தி படம். மோஹர் சிங், மாதோ சிங் என்று ஒவ்வொருவராக வந்து படத்தின் காலடியில் துப்பாக்கியை வைத்தார்கள். முதலமைச்சர் பி.சி.சேத்தி இருந்தார், ஜே.பி.யும் அவர் மனைவி பிரபாவதியும் இருந்தார்கள். அடுத்தடுத்து வந்தவர்களையும் சேர்த்தால் கணக்கு சில நூறு.

டாக்காவில் ரிவால்வர் ஜெயித்தவன் கைக்குப் போனது. ஜௌராவில் துப்பாக்கி ஒரு படத்தின் முன்னால் போனது. இத்தனை வருஷம் எந்த போலீஸுக்கு எதிராகத் தூக்கினார்களோ, அந்த போலீஸ் கையில் அதைக் கொடுக்கச் சொல்லியிருந்தால் அத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். கொடுத்த பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வாங்கிக்கொண்டவர் யார் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

நம் சொல்: அடைக்கலம்

இதற்குப் பொருத்தமான ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லாவிட்டாலும் தமிழில் இருக்கிறது. விபீஷணன் ராமனிடம் வந்த பகுதிக்குக் கம்பராமாயணத்தில் 'அடைக்கலப் படலம்' என்று பெயர். எதிரியின் தம்பியை எப்படி நம்புவது என்று சுக்ரீவன் அங்கே ஆட்சேபிக்கிறான். ருஸ்தம்ஜி கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' இருக்கிறது. கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரை இடைச்சி மாதரியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொல்லப்பட்டதும், அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்து உயிரை விடுகிறாள். கொலைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் பொறுப்பு அவளுடையது. அடைக்கலம் என்றால் வந்தவன் செய்ததைவிட ஏற்றுக்கொண்டவன் செய்ய வேண்டியது அதிகம்.

1972-ல் ஏற்றுக்கொண்டவர்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் செய்தார்கள் என்றே சொல்லலாம். ஜெயில் தண்டனை உண்டு, தூக்கு இல்லை. முங்காவலியில் திறந்தவெளிச் சிறை அமைத்தார்கள், அதற்கு நவஜீவன் ஷிவிர் என்று பெயர். மோஹர் சிங் தண்டனை முடிந்து வந்து மேஹ்காவ் பேரூராட்சித் தலைவராகக்கூட இருந்தார். 2020-ல் வீட்டில், வயதாகி இறந்தார்.

கணக்கில் வராத மூன்றாம் ஆள்

வங்கியில் வாராக்கடனை ஓ.டி.எஸ். போட்டு முடிப்போம். பார்ட்டி கொஞ்சம் கட்டுவார், வங்கி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த விட்டுக்கொடுத்த தொகைக்கு எங்கள் நோட்டில் 'சேக்ரிஃபைஸ்' என்று பெயர். தியாகம்! தியாகம் செய்தது நானோ என் மேனேஜரோ இல்லை, யாரோ ஒரு டெபாசிட்தாரர், ஷேர்ஹோல்டர். அவர் அந்த ரூமிலேயே இல்லை. சரண்டரிலும் அப்படி ஒரு மூன்றாம் ஆள் உண்டு.

டாக்காவில் அது வங்கதேசத்து ஜனங்கள். போர்க்குற்றங்களுக்காக 195 பாகிஸ்தான் ராணுவத்தினரை விசாரிக்க வேண்டும் என்று வங்கதேசம் கேட்டது. 1974 ஏப்ரலில் தில்லியில் மூன்று நாடுகளும் உட்கார்ந்து பேசியபோது வங்கதேசம் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்த 195 பேரும் மற்றவர்களோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் கைவிடுதலும் ஆங்கிலத்தில் கிவ் அப்தான். இழந்தவர்கள் அந்தக் கோரிக்கையை விடவில்லை. அவர்கள் சார்பில் ஒரு அரசு விட்டது.

சம்பலில் மூன்றாம் ஆளுக்குப் பெயர் பேஹ்மாய். 1981 பிப்ரவரி 14 அன்று உத்தரப் பிரதேசத்தின் அந்தக் கிராமத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூலான் தேவியின் கும்பல் மேல் வழக்கு. பூலான் தனக்கு நடந்த கொடுமைகளுக்குப் பழிவாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை, சுட்டது தானில்லை என்பது அவர் தரப்பு. இரண்டு வருஷம் கழித்து 1983 பிப்ரவரி 12 அன்று பிண்டில் காந்தி படத்துக்கும் துர்க்கை படத்துக்கும் முன்னால், முதலமைச்சர் அர்ஜுன் சிங் முன்னிலையில் ஆயுதத்தை வைத்தார். உ.பி. போலீஸிடம் போக மாட்டேன், தூக்கு கூடாது, குடும்பத்துக்கு நிலம் வேண்டும் என்று கண்டிஷன்கள் போட்டுத்தான் வந்தார். பதினோரு வருஷம் ஜெயில், 1994-ல் விடுதலை, 1996-ல் மிர்சாபூர் எம்.பி., 2001 ஜூலையில் தில்லியில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு சின்ன வயதுப் பெண்ணை அந்த நிலைக்குத் தள்ளிய ஜாதி அமைப்பை நினைத்தால் அவருக்குக் கிடைத்த இரண்டாவது வாழ்க்கையை யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பேஹ்மாயில் கணவனை இழந்த பெண்களிடம் அந்த மேடைக்கு முன் யார் பேசினார்கள்? அவர்களுடைய வழக்கில் கீழ்க்கோர்ட் தீர்ப்பு 2024 பிப்ரவரியில்தான் வந்தது. சம்பவம் நடந்து 43 வருஷம். ஒருவருக்கு ஆயுள் தண்டனை, ஒருவர் விடுதலை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர், சாட்சிகளில் பலர், காத்திருந்த விதவைகளில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதனால் சரணே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஜௌரா நடக்காமல் போயிருந்தால் அந்தப் பள்ளங்களில் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ. டாக்காவில் அரை மணி நேரத்தில் நியாஸி தலையசைக்காமல் இருந்திருந்தால் நகரத்துக்குள் சண்டை நடந்திருக்கும். ஒருவன் ஆயுதத்தை வைக்க முன்வந்தால், அவன் தலை நிமிர்ந்து வைக்கும்படி ஒரு இடம் செய்து கொடுப்பது புத்திசாலித்தனம். பெரிய மனதும்கூட.

ஆனால் சரண் என்று எங்காவது செய்தி வந்தால் இப்போது நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். எதைக் கொடுத்தார்? யாரிடம் கொடுத்தார்? இந்தக் கொடுக்கல் வாங்கலில் தன்னைக் கேட்காமலே எதையோ விட்டுக்கொடுக்க நேர்ந்தவர் யார்? முதல் இரண்டுக்கும் பதில் அன்றைய பேப்பரிலேயே, போட்டோவோடு வந்துவிடும். மூன்றாவதற்குப் பதில் வர பேஹ்மாயில் 43 வருஷம் ஆனது.